கடிதத்தின் இடது மூலையில் நான்

1

பம்பாய்க்கு வந்து இந்த ஆவணியோடு ஒன்பது வருஷம் முடிகிறது. அதைச் சாக்காக வைத்து, "இங்கேயிருந்து போன பெண்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுங்களேன்" என்று திருநெல்வேலியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். மின்சார ரயில், மழை, ரேஷன் கோதுமை என்று எதையாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். போன செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

உமாவுக்கு ஆறு வயது. செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஒன்றாம் வகுப்பு. ஆண்டு விழாவில் ஒரு மாநிலத்துக்கு ஒரு குழந்தை என்று மேடையேற்றுகிறார்களாம். இவளுக்கு மதராஸ் கிடைத்திருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, நான் மதராஸ்! மத்த எல்லாருக்கும் மேக்கப் உண்டு. எனக்கு நக்கோவாம். டீச்சர் சொன்னா, ஏக்தம் அஸ்லி கலராம்!"

நக்கோ என்றால் வேண்டாம், அஸ்லி என்றால் அசல். கலப்படம் இல்லாத நெய்யை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"சரி, போய் காலைக் கழுவு."

"அம்மா, நான் அழகா?"

அவளுக்கு என் நிறம். என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும். கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு நின்றாள். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்றைக்கு நான் பாலை அடுப்பில் ஏற்றவே இல்லை.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், அவள் கண்ணாடி முன்னால் நின்று பவுடர் டப்பாவைக் கவிழ்த்து முகத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டாள் பிள்ளை.

ஆறு வருஷத்தில் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கிறேன், சமத்து என்று சொல்லியிருக்கிறேன். அழகு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல் நெஞ்சுக்காரி இல்லை நான். அந்த வார்த்தையை எடுக்கப் போனாலே என் காதுக்குள் வேறொருவர் குரல் கேட்கும். அவர் யார், அந்தக் குரல் எப்படி உள்ளே வந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். எனக்கே அது தெளிவாக இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

நான் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று சமாதானம் சொல்கிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. ஊரில் மூன்று வீட்டுக்காரர்கள் பெண் பார்த்துவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. நாலாவதாக வந்தவர்கள் நேர்மையானவர்கள். "பொண்ணு எல்லாம் சரிதான், நெறந்தான் மட்டு" என்று கேசரி வாயில் இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். அப்பா இறந்த பிறகு, டைப்பும் சுருக்கெழுத்தும் ஹையர் பாஸ் பண்ணி வீட்டில் சும்மா இருந்த என்னை, ரயில்வேயில் வேலை பார்த்த அண்ணன் மாட்டுங்காவுக்கு அழைத்துக்கொண்டார்.

மாட்டுங்காவில் வந்து இறங்கிய பத்தாம் நாள் மதினி என்னை ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். அந்த ஸ்டூடியோக்காரர் நம்மவர்தான். கலியாணப் படம் என்று சொன்னாலே போதும், நெகட்டிவில் பென்சிலை ஓட்டி ஆளை வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுவார். மாட்டுங்காவில் கறுப்பாகப் பிறந்த பெண்கள் எல்லோருக்கும் அவர் கையால் ஒரு வெள்ளைப் படம் இருக்கும். என் படத்தைப் பார்த்து மதினி, "ஏட்டி கோமு, இதுல நீ மகாலச்சுமி மாதிரி இருக்கே பாரு" என்றாள். எனக்கு அது யாரென்றே தெரியவில்லை.

ஆறு பிரதி எடுத்தோம். மூன்று ஜாதகத்தோடு ஊருக்குப் போயிற்று. வேலைக்கு விண்ணப்பம் போடவும் படம் வேண்டும் என்றபோது, இன்னொரு தரம் எதற்கு ஸ்டூடியோவுக்குப் போவது என்று அதிலேயே ஒன்றை ஒட்டி அனுப்பினார் அண்ணன். மாப்பிள்ளை வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஒரே முகம் போயிற்று.

3

கம்பெனியின் பெயர் வேண்டாம். கோட்டைப் பக்கம், துறைமுகத்துக்கு எதிரே பழைய கல் கட்டடம். சீமையிலிருந்து பம்பும் பாய்லர் சாமான்களும் வரவழைத்து விற்பார்கள். என் அதிகாரி ஹார்வுட் என்ற வெள்ளைக்காரர். ஐம்பது வயது இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர்களில் ஒருத்தர். கொழும்பு, ரங்கூன் எல்லாம் சுற்றியவர். மெதுவாகப் பேசுவார். என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை.

சேர்ந்த முதல் வாரம் என் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யார்?"

"நான்தான் சார்."

"இல்லை. உன் நிறத்தை யாரோ திருடிக்கொண்டு மிச்சத்தை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவு அழகான நிறத்தை."

அவர் இங்கிலீஷில் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். சொல்லிவிட்டு அந்தப் படத்தைக் காகிதத்திலிருந்து பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் பெண்களின் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். என் நிறத்தைத் திருடத் தகுந்த பொருள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். எட்டு மாதம் நான் அந்த ஒரு பேச்சின் மேல் நடந்தேன்.

பிறகு பூ. "உங்கள் ஊர்ப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்வார்களே, இந்த அறையெல்லாம் மசகெண்ணெய் நாற்றம்" என்றார். தினமும் காலையில் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் மாடத்தியக்காவிடம் வாங்கிக்கொள்வேன். அவள் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியிருந்தாள். நாலு மணிக்கே எழுந்து கட்டிய பூவோடு கூடையைத் தூக்கி வருவாள்.

"ஏ தாயி, இம்புட்டு முடிக்கு ஒரு முழம் எந்த மூலைக்கு? ரெண்டா எடுத்துக்கோ. ஆபீஸ்னா வாடாம இருக்கணும்லா."

அப்புறம் செருப்பு. அறைக்குள் வரும்போது வாசலில் கழற்றிவிட்டு வரச் சொன்னார், நான் நடக்கும் சத்தம் அப்போதுதான் நன்றாக இருக்கிறதாம். அப்புறம் பென்சில். நான் பென்சில் பிடிப்பது ஏதோ நடன முத்திரை போல இருக்கிறது, அதை மாற்றாதே என்றார். நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பிறக்கும்போதே ஆடத் தெரிந்தவர்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். எனக்குக் கும்மிகூடச் சரியாக வராது. ஆனாலும் அன்றையிலிருந்து பென்சிலை அவர் சொன்ன மாதிரியே பிடித்தேன். வேகம் குறைந்தது, விரல் வலித்தது. இருந்தும் மாற்றவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவர் விரல்கூட என் மேல் பட்டதில்லை. பட்டிருந்தால் அண்ணனிடம் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

4

சுருக்கெழுத்து வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிக்டேஷன் எடுக்கும்போது நாங்கள் அர்த்தத்தைக் கேட்க மாட்டோம். கேட்டால் கை பின்தங்கிவிடும். காதில் விழுகிற ஓசை கை வழியாகக் கோடும் வளைவுமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மனசு பாட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டையோ ஏழே முக்கால் வண்டியையோ நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து அடிக்கும்போதுதான் என்ன எழுதினோம் என்பதே தெரியும். நல்ல ஸ்டெனோ என்றால் அதுதான் இலக்கணம். நான் நல்ல ஸ்டெனோ.

ஒரு நாள் காலை ஏழெட்டுக் கடிதம் சொன்னார். பம்ப் வால்வுக்கு ஒன்று, பாங்குக்கு ஒன்று, துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட பெட்டிகளுக்கு ஒன்று. நடுவில் எழுந்து ஜன்னலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கப்பல்களைப் பார்த்தபடி ஒன்று சொன்னார். அது சிங்கப்பூரில் இருக்கிற நண்பருக்கு. நான் மற்றதைப்போலவே எடுத்தேன்.

இடத்துக்கு வந்து அடிக்க ஆரம்பித்தேன். முதல் பத்தியில் உடம்பு சௌக்கியம், மழை. இரண்டாவது பத்தி இப்படிப் போயிற்று. நான் முடிந்தவரை சரியாகத் தமிழில் தருகிறேன்:

"இங்கே எனக்கு ஒரு மதராஸி வாய்த்திருக்கிறாள். கோயில் சிலையை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது போன்ற கறுப்பு. கொழும்பில் வைத்திருந்தவளைவிட, ரங்கூனில் இருந்தவளைவிட இவள் கறுப்பு. கஜுராஹோவில் பார்த்தோமே, அந்த மதராஸ் கோயில், அங்கேயிருந்து இறங்கி வந்தவள்தான். பூ வை என்றேன், வைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்று என்றேன், கழற்றினாள். இந்த ஜாதிக்குக் கோபப்படத் தெரியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இருக்கிற மனசு என்ற தொந்தரவும் கிடையாது. போதாக்குறைக்கு டைப்பும் அடிக்கிறாள். நீ இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். உனக்கும் ஒன்று வேண்டுமானால் மதராஸுக்கு எழுதினால் கிடைக்கும்."

நாலு வரி அடித்த பிறகுதான் அது நான் என்று எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. என் விரல் நிற்கவில்லை. ஓரம் பிசகாமல், ஒரு எழுத்து தப்பாமல் கடிதத்தை முடித்தேன். முடித்து, எல்லாக் கடிதத்திலும் போடுவதுபோல இடது பக்கம் கீழ் மூலையில், சொன்னவரின் பெயர் முதலெழுத்துகளைப் பெரிதாகவும் அடித்தவளின் முதலெழுத்துகளைச் சின்னதாகவும் போட்டேன். அவர் பெயருக்கு இரண்டு பெரிய எழுத்து, ஒரு சாய்ந்த கோடு, அதன் பின்னால் என் பெயருக்கு இரண்டு சின்ன எழுத்து. அந்தக் கடிதத்தில் என் பெயர் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் நானே அடித்தேன்.

கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போனேன். கஜுராஹோ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தேன். தப்பு இருந்தால் குறி போட வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தது.

"இது என்ன?"

"அந்தக் கோயில் மதராஸில் இல்லை சார். வடக்கே, மத்தியப் பிரதேசத்தில்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவக்கவில்லை, கண் தாழவில்லை. "நல்ல பெண். நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்" என்று சொல்லி, மதராஸ் கோயில் என்ற இரண்டு சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் வேண்டுமென்றே என் காதில் விழச் சொன்னாரா? ஜன்னலுக்குத் திரும்பியது வெட்கத்தாலா? அல்லது பேனாவுக்குக் காது உண்டு என்று யாரும் நினைக்காதது போல, நான் அங்கே இருப்பதே அவருக்குத் தோன்றவில்லையா? எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒன்று சரியென்று படும், மறுநாள் இன்னொன்று. இவற்றில் எது குறைந்த கேவலம் என்றும் எனக்குத் தெரியவில்லை.

கார்பன் பிரதியை எந்த ஃபைலில் போடுவது? பம்ப் ஃபைலா, பாய்லர் ஃபைலா? மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த ஒரு தடவைதான்.

5

மறுநாள் மாடத்தியக்கா இலையில் பூவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் நிற்காமல் போனேன். மூன்றாம் நாள் கூடையை விட்டுவிட்டு என் பின்னாலேயே படிவரைக்கும் வந்துவிட்டாள்.

"என்ன தாயி, மூஞ்சி செத்துப்போச்சு? ஆபீசுல எவனும் எதுவும் சொல்லிட்டானா?"

"இல்லக்கா. தலைவலி."

"தலவலிக்குப் பூ என்ன செய்யும்? எவனும் சொல்லியிருந்தாச் சொல்லு."

பம்பாயிலேயே அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். நான் என்ன சொல்வேன்? அழகு என்று சொல்லிவிட்டான் அக்கா என்றா? சிரித்திருப்பாள். வண்டி வருகிறது என்று ஓடிப்போனேன்.

சொல்ல முடியாத வியாதி ஒன்று வந்தது. குனிந்து கோலம் போட்டால், யாரோ பின்னாலிருந்து பார்க்கிறார்கள், அதற்காகத்தான் இப்படிக் குனிகிறேன் என்று தோன்றும். தலை வாரும்போது கையைத் தூக்கினால், இது என் கையா, அந்தச் சிலையின் கையா என்று குழம்பும். கண்ணாடியில் என் கண்ணால் பார்க்க முடியாமல் போயிற்று. அவர் கண்ணால்தான் தெரிந்தது. நடை கூனிற்று. சோறு இறங்கவில்லை. டிக்டேஷன் எடுக்கும்போது ஒவ்வொரு சொல்லின் அர்த்தமும் காதில் இடித்தது. வால்வு என்றால் வால்வு தெரிந்தது, பெட்டி என்றால் பெட்டி தெரிந்தது. கை பின்தங்கியது. நல்ல ஸ்டெனோ போய்விட்டாள்.

அண்ணன் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் பத்தாது என்று பத்து ஊசி எழுதிக் கொடுத்தார். மதினி திருஷ்டி கழித்து, "யாரு கண்ணோ பட்டிருக்கு" என்றாள். டாக்டரைவிட அவள் கொஞ்சம் கிட்டத்தில் வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் ஹார்வுட் மேல் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. இதுதான் பெரிய குழப்பம். கோபம் என் மேல் வந்தது. அந்த எட்டு மாதச் சந்தோஷத்தை என்ன செய்வது? அது பொய் என்று தூக்கிப் போட்டால், கேசரி தின்றவர்கள் சொன்னதுதான் மிஞ்சும். மெய் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடிதமும் கூடவே வருகிறது. மற்றவர்கள் வேண்டாம் என்றதும் அவர் வேண்டும் என்றதும் ஒரே தோலைப் பார்த்துத்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன், பாளையங்கோட்டைக்காரர். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் காபி டம்ளரை எடுக்க வந்தவள் அவர் எதிரிலேயே நின்று கேட்டேன்.

"எதுனால புடிச்சிருக்கு?"

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலியே" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அந்தத் தெரியலியேவைத்தான் நான் கட்டிக்கொண்டேன். வேலையை விட்டேன். இப்போது வீட்டில் ஒரு பழைய டைப் மெஷின் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடம், வக்கீல் என்று வருகிறதை அடித்துக் கொடுக்கிறேன். அவர் நல்ல மனுஷர். எப்போதாவது பிரியமாக "கருப்பி" என்று கூப்பிட்டால் மட்டும் நான் விறைத்துப் போகிறேன். ஏன் என்று அவரிடமும் சொன்னதில்லை.

6

இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் மதராஸிகள். திருநெல்வேலி, கோயம்புத்தூர், ஏன், மங்களூர்க்காரர்கூட மதராஸிதான். ரேஷன் அட்டைக்குப் போனால் குமாஸ்தா ஊர்ப் பெயரைப் பாதியில் நிறுத்தி, "மதராஸ் லிக்கோ, பஸ்", மதராஸ் என்று எழுது, போதும், என்று முடித்துவிடுகிறார். இப்போது இரண்டு வருஷமாகச் சுவரில் மதராஸியை விரட்டச் சொல்லி எழுதுகிறார்கள். நம் ஓட்டல் கண்ணாடிகளில் கல் விழுகிறது. அதே தெருவில் இருக்கிற பள்ளிக்கூடம் என் மகளுக்குப் பூ வைத்து மேடையில் நிறுத்துகிறது. விரட்டுகிறவர்களையாவது எனக்குப் புரிகிறது.

புதன்கிழமை டீச்சரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மகாராஷ்டிரப் பெண், சின்ன வயசு, ஒரு கள்ளமும் இல்லாத முகம். என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில், "உங்கள் மகள் எவ்வளவு அழகு தெரியுமா! மேடையில் எல்லோர் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும்" என்றாள். இவளையும் ஹார்வுட்டையும் ஒன்றாக எப்படி நினைப்பது? நினைக்காமலும் எப்படி இருப்பது?

"அவள் மேடையில் என்ன பேசுவாள்?" என்று கேட்டேன்.

"மதராஸ் பேச வேண்டாம். குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும். பஞ்சாபும் பெங்காலும் பேசுவார்கள். ஹாங், நிகழ்ச்சி நிரல் நீங்கள்தானே டைப் அடிக்கிறீர்கள்?" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். ஸ்டென்சிலில் அடித்து, உருட்டிப் பிரதி எடுத்து, வருகிற அப்பா அம்மாவுக்கெல்லாம் கொடுப்பார்கள். நான் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வருஷப் பழக்கம், வேலையை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

அன்று சாயங்காலம் உமாவுக்குத் தலை பின்னினேன். அவள் என்னைக் கண்ணாடியில் பார்க்கவில்லை. காதோரம் பவுடர் திட்டு. துடைத்துவிடப் போனேன், தலையை நகர்த்திக்கொண்டாள்.

"மேடைக்குப் போக வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"ஏன்? நான் நல்லா இல்லியா?"

"யாரு சொன்னா?"

"நீதான். பால் பொங்குதுன்னு போயிட்டே. பாலே இல்ல. நான் தேக்கா."

பார்த்திருக்கிறாள், பிடிபட்டுப் போனேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "டீச்சர் சொன்னதுக்கு என்ன? அவங்க சொன்னது வேற" என்று உளறினேன்.

"என்ன வேற?"

என்ன வேறு? எனக்குத் தெரிந்தால் எட்டு வருஷம் எதற்கு? அவளே தொடர்ந்தாள்.

"டீச்சருக்கு என் பேரு யாதில்ல அம்மா. ஏ மதராஸ், இதர் ஆ, அப்படின்னுதான் கூப்பிடுவா. பஞ்சாபையும் பஞ்சாப்னுதான். அவ பேரு ஹர்ஜீத். எங்களுக்கு மாலும், டீச்சருக்கு இல்ல."

டீச்சருக்குப் பெயர் ஞாபகமில்லை, பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதைப் பெரிய விஷயமாக அவள் சொல்லவில்லை. ரிப்பன் எங்கே என்று தேடிக்கொண்டே சொன்னாள்.

நான் எழுந்து டீச்சர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று பஞ்சாப், இரண்டு பெங்கால், மூன்று குஜராத், நாலு மதராஸ். கீழே வரவேற்புரை தருகிறவர், நன்றியுரை தருகிறவர், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் எல்லோருக்கும் முழுப் பெயர் இருந்தது. ஒரு குழந்தைக்கும் பெயர் இல்லை.

"உமா, இங்க வா. ஒவ்வொண்ணா பேரு சொல்லு."

பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னாள். அவள் சொன்னது காதில் விழுந்து கைக்குப் போகும்போது அர்த்தத்தோடுதான் போயிற்று; வேகம் இல்லை, ஆனால் தப்பும் இல்லை. ஹர்ஜீத் என்று அடித்தேன். மிட்டாலி, ஜெயேஷ். நாலாவது வரியில் உமா என்று அடித்து, அவள் அப்பா பெயரையும் முழுசாகச் சேர்த்தேன். ஸ்டென்சிலை மெஷினிலிருந்து எடுக்கப் போனபோது, பழக்கத்தில் கை இடது பக்கம் கீழ் மூலைக்குப் போயிற்று. கொஞ்சம் நிறுத்தி, அங்கே சின்ன எழுத்து இரண்டுக்குப் பதில் கோமதி என்று பெரிய எழுத்தில் முழுசாக அடித்தேன். முன்னால் யார் எழுத்தும் இல்லை, சாய்ந்த கோடும் இல்லை. நாளைக்கு டீச்சர் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்கலாம். எடுத்துவிடச் சொன்னாலும் சொல்லலாம். மேடையில் என் மகள் குடத்தோடு வாய் திறக்காமல்தான் நிற்கப் போகிறாள். அது சரியா, அவளை நிறுத்தியிருக்க வேண்டுமா என்பதெல்லாம் எனக்கு இன்னும் தெரியவில்லை.

உமா மெஷினுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். தமிழ் படிக்கத் தடுமாறுகிறவள், இங்கிலீஷில் மூன்று எழுத்தை வாசித்துவிட்டாள். சிரித்தாள். மேல் பல் இரண்டு விழுந்த வாய்.

"அழகா இருக்கே உமா" என்றேன்.

என் குரல்தான் முதலில் கேட்டது. அவர் குரல் அதற்குப் பின்னால்தான் வந்தது. வரட்டும்.